முன்கூட்டியே ஊதிய விசில்: 1998 அயர்லாந்து ஹர்லிங் சாம்பியன்ஷிப், ஒரு நிகழ்வு ஆய்வு

கிளேர், ஆஃபலி என்ற இரண்டு கவுண்டிகள் (அயர்லாந்தின் மாவட்டங்கள்) மோதிய ஒரு அரையிறுதி ஆட்டம், நேரம் முடிவதற்கு முன்பே முடிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு ஒரு வாரத்தில் என்னென்ன முடிவுகள் எடுக்கப்பட்டன, அவற்றுக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதே இந்த ஆய்வு. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் அயர்லாந்தில் விளையாட்டு பார்க்கும் எல்லாருக்கும் தெரியும். இங்கே அவை வேண்டாம் என்று விட்டிருக்கிறேன். குறிப்பாக அந்த நடுவரின் பெயரை. தன் வாழ்நாளில் அவர் அதை வேண்டிய அளவுக்கு மேலேயே கேட்டுவிட்டார்.

பின்னணி

ஹர்லிங் தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம். ஒரு பக்கம் 15 பேர். ஆஷ் மரத்தில் செய்த, நுனி அகன்ற மட்டையால் சிறிய தோல்பந்தை அடித்தும் தூக்கியும் ஆடுவார்கள். கோல் கம்பம் ஆங்கில ‘எச்’ எழுத்து மாதிரி இருக்கும். குறுக்குக் கம்பத்துக்குக் கீழே பந்து போனால் ஒரு கோல், மேலே போனால் ஒரு புள்ளி. ஒரு கோல் மூன்று புள்ளிக்குச் சமம். ஸ்கோரை 2-10 என்று எழுதினால் இரண்டு கோல், பத்துப் புள்ளி, ஆக மொத்தம் 16 என்று அர்த்தம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூத்தோர் கவுண்டி ஆட்டம் ஒன்றுக்கு 70 நிமிடம், பாதிக்கு 35. காயத்தால் வீணாகும் நேரத்தை நடுவர் கூட்டித் தருவார். இதையெல்லாம் நடத்துவது 1884-ல் தர்லஸ் ஊரில் தொடங்கிய கேலிக் தடகளச் சங்கம். ஆடுபவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பகலில் ஏதோ ஒரு வேலை, மாலையில் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். பிறந்த கவுண்டிக்காக ஆடுவதே பெரிய கௌரவம்.

1996 வரை மாகாணப் போட்டியில் தோற்றால் அந்த வருடம் அதோடு சரி. 1997-ல் ஒரு மாற்றம் வந்தது. மன்ஸ்டர், லென்ஸ்டர் மாகாண இறுதிகளில் தோற்ற அணிகளுக்கும் அகில அயர்லாந்து காலிறுதியில் இடம் கிடைத்தது. மக்கள் இதைப் ‘பின்வாசல்’ என்றார்கள். அந்த முதல் வருடமே டிப்பரரி பின்வாசல் வழியாக இறுதிவரை வந்து கிளேரிடம் தோற்றது. அப்படி வந்து யாராவது கோப்பையை வென்றால் அது நியாயமான வெற்றியா என்ற முணுமுணுப்பு 1998-லும் தீரவில்லை.

இரண்டு கவுண்டிகள்

ஆஃபலி நாட்டின் நடுவே இருக்கும் சின்னக் கவுண்டி. அப்போது மக்கள்தொகை அறுபதாயிரம்கூட இல்லை, அதிலும் ஹர்லிங் ஆடும் ஊர்கள் ஒரு பகுதியில் மட்டும்தான். அப்படியிருந்தும் 1981, 1985, 1994 என்று மூன்று முறை சாம்பியன் ஆனது. 1994 இறுதி ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. கடைசி ஐந்து நிமிடம் வரை லிமரிக் முன்னிலையில் இருந்தது. அந்த ஐந்து நிமிடத்தில் ஆஃபலி இரண்டு கோலும் ஐந்து புள்ளியும் அடித்து ஆட்டத்தைப் பறித்துக்கொண்டது. கடிகாரத்தில் கொஞ்சம் நேரம் மிச்சமிருந்தால் போதும், இந்த அணியை நம்பலாம் என்ற எண்ணம் அன்றிலிருந்து நாடு முழுக்கப் பரவியது.

கிளேர் மேற்குக் கடற்கரைக் கவுண்டி. 1914-க்குப் பிறகு 81 வருடம் காத்திருந்து 1995-ல் கோப்பையை வென்றது. அந்த இறுதியில் தோற்றது இதே ஆஃபலிதான். 1997-ல் மறுபடியும் சாம்பியன். உடல் வலிமையும் கடும் பயிற்சியும் அவர்களுடைய அடையாளம். 1998-ஐ நடப்புச் சாம்பியனாகத் தொடங்கினார்கள்.

ஜூலை: இரண்டு அணிகளுக்கும் சோதனை

ஜூலை 5 அன்று லென்ஸ்டர் இறுதியில் கில்கென்னியிடம் 3-10க்கு 1-11 என்று ஆஃபலி தோற்றது. ஐந்து புள்ளி வித்தியாசம். ஆட்டம் முடிந்ததும் அணியின் மேலாளர் பத்திரிகையாளரிடம் தன் வீரர்களை, ஒன்றாகக் குவிந்து ஓடும் ஆட்டுக்கூட்டத்துக்கு ஒப்பிட்டுப் பேசினார். வீரர்கள் அதைச் செய்தித்தாளில் படித்தார்கள். உள்ளே பேசவேண்டியது வெளியே போனதும் இருதரப்புக்கும் இடையே எதுவும் மிச்சமில்லாமல் போனது. மேலாளர் விலகிக்கொண்டார்.

அடுத்த ஆட்டத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை. கவுண்டி நிர்வாகம் தேடிப்பிடித்தது பக்கத்துக் கால்வேயைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியரை. ஆஃபலி மக்களில் பலருக்கு அவர் யார் என்றே தெரியாது. பருவத்தின் நடுவில், தோல்வியோடும் மனக்கசப்போடும் இருக்கும் அணியை வெளியூர்க்காரரிடம் கொடுப்பது துணிச்சலான முடிவு. அவர் அணியைத் தலைகீழாக மாற்றவில்லை. ஆஃபலிக்குக் கைவந்த வேகமான, தரையோடு பந்தை அடிக்கும் ஆட்டத்தை அப்படியே ஆடவிட்டார். ஜூலை 26 காலிறுதியில் ஆன்ட்ரிமை 2-18க்கு 2-9 என்று வென்றார்கள். அதற்காக யாரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவில்லை.

கிளேருக்கு அந்த மாதம் வேறுவிதமாகக் கடினம். மன்ஸ்டர் இறுதியில் வாட்டர்ஃபோர்டுடன் சமநிலை. ஒரு வாரம் கழித்து மறு ஆட்டத்தில் 2-16க்கு 0-10 என்று பெரிய வெற்றி, ஆனால் அது முரட்டுத்தனமாக நடந்த ஆட்டம். அதன் தொடர்ச்சியாக நடுக்கள வீரர் ஒருவருக்கு மூன்று மாதத் தடை விழுந்தது. அகில அயர்லாந்து ஆட்டங்கள் எதிலும் அவர் ஆட முடியாது. நிர்வாகிகள் எல்லாரும் தங்களுக்கு எதிராக இருக்கிறார்கள் என்ற உணர்வு கிளேர் முகாமில் ஏற்கெனவே ஊறிப்போயிருந்தது. ஆகஸ்டில் நடந்ததை அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதை இந்தப் பின்னணியோடுதான் பார்க்கவேண்டும்.

ஆகஸ்ட் 9: சமநிலை

சங்கத்தின் தலைமை அரங்கமான டப்ளின் குரோக் பார்க்கில் இரு அணிகளும் மோதிய முதல் அரையிறுதி. கிளேர் எளிதாக வெல்லும் என்று எதிர்பார்த்தார்கள். 1-13க்கு 1-13 என்று முடிந்தது. அப்போதைய விதிப்படி மறு ஆட்டம் ஆகஸ்ட் 22 சனிக்கிழமைக்குக் குறிக்கப்பட்டது.

ஆகஸ்ட் 22: விசில்

மறு ஆட்டத்தில் கிளேரின் கை ஓங்கியிருந்தது. இரண்டாம் பாதியில் நல்ல முன்னிலை எடுத்தார்கள். அப்புறம் ஆஃபலி மெல்ல மெல்ல நெருங்கத் தொடங்கியது. கிளேர் 1-16, ஆஃபலி 2-10. அதாவது 19க்கு 16.

மூன்று புள்ளி. ஒரே ஒரு கோல் விழுந்தால் சமநிலை.

அந்த நேரத்தில் நடுவர் இறுதி விசிலை ஊதினார். 70 நிமிடம் நிறைய இன்னும் ஏறக்குறைய இரண்டு நிமிடம் இருந்தது. காயத்துக்காகக் கூட்டவேண்டிய நேரம் அதற்கு மேல். கிளேர் வீரர்கள் கையை உயர்த்திக் கொண்டாடினார்கள். ஆஃபலி தரப்பினர் நடுவரை நோக்கி ஓடிவந்தார்கள். தவறு எங்கே என்று தேடவேண்டிய அவசியமே இல்லை. வீட்டில் தொலைக்காட்சி பார்த்தவர்களுக்கும் அது தெரிந்தது. ஆட்டம் முழு நேரம் நடக்கவில்லை என்பதை நடுவரும் மறைக்கவில்லை. நேரத்தைத் தவறாகக் கணித்துவிட்டதாக ஒப்புக்கொண்டார்.

ஆனால் விசில் ஊதிவிட்டார். இறுதி விசில் கேட்டால் ரசிகர்கள் புல்தரைக்குள் வருவது அங்கே வழக்கம், அன்றும் வந்தார்கள். நடுவரைப் பாதுகாப்போடு வெளியே அழைத்துப் போனார்கள். அணிகளை மறுபடி நிறுத்தி மிச்ச நேரத்தை ஆடவைக்க முடியுமா என்ற கேள்வி எழுவதற்குள் அதற்கான வாய்ப்பு போய்விட்டது.

அப்புறம் நடந்ததைத்தான் அயர்லாந்து இன்றும் பேசுகிறது. ஆஃபலி ரசிகர்கள் மைதானத்தின் நடுவே உட்கார்ந்துவிட்டார்கள். யாரையும் அடிக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை. பெரியவர்கள், பிள்ளைகள், கொடி பிடித்த குடும்பங்கள் எல்லாரும் சும்மா உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கும் மேல் எழுந்திருக்கவில்லை.

இதில் பலர் மறந்துவிடும் ஒரு விஷயம் உண்டு. அன்று அதே புல்தரையில் கெர்ரியும் கில்டேரும் மோதும் 21 வயதுக்குட்பட்டோர் ‘பி’ பிரிவு இறுதி நடக்கவேண்டும். அது நடக்கவில்லை. ஹர்லிங்கில் பெரிய பெயர் இல்லாத இரண்டு கவுண்டிகளின் இளைஞர்களுக்குக் குரோக் பார்க்கில் ஆடும் நாள் எத்தனை முறை வரும்? உட்கார்ந்தவர்களின் கோபம் நியாயம்தான். அதன் சுமையில் ஒரு பங்கு, சம்பந்தமே இல்லாத இந்தப் பையன்கள் மேலும் விழுந்தது.

முடிவு: எதைச் செய்யலாம்?

சங்கத்தின் ஆட்ட நிர்வாகக் குழுவின் முன்னால், என் பார்வையில், மூன்று வழிகள் இருந்தன.

முதல் வழி, நடுவர் ஊதினார், ஆட்டம் முடிந்தது, கிளேர் இறுதிக்குப் போகும் என்று விடுவது. இதற்கும் வாதம் உண்டு. எல்லா விளையாட்டிலும் நடுவர்கள் தவறு செய்கிறார்கள். கொடுக்காத ஃப்ரீ (எதிரணியின் விதிமீறலுக்குக் கிடைக்கும் தடையற்ற அடி), கவனிக்காத தள்ளுமுள்ளு, இவற்றுக்காக யாரும் ஆட்டத்தை மறுபடி நடத்துவதில்லை. ஆனால் அவை ஆட்டத்துக்குள் நிகழும் தவறுகள். நேரத்தைக் குறைத்தது ஆட்டத்தையே குறைத்தது. இந்த வேறுபாடுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தீர்ப்பு தவறாகப் போனால் இரண்டு அணியும் அதற்குப் பிறகும் ஆடி ஈடுகட்டலாம். நேரம் போனால் ஈடுகட்ட எதுவும் மிச்சமில்லை.

இரண்டாவது வழி, மிச்ச நிமிடங்களை மட்டும் வேறொரு நாளில், அதே ஸ்கோரிலிருந்து ஆடவைப்பது. காகிதத்தில் இதுதான் கணக்குச் சரியான தீர்வு. கிளேர் சம்பாதித்த மூன்று புள்ளி முன்னிலை அவர்களிடமே இருக்கும், ஆஃபலிக்கு இழந்த நேரம் கிடைக்கும். ஆனால் 68 நிமிடம் ஓடிய களைப்போடு ஆடும் கடைசி இரண்டு நிமிடமும், ஒரு வாரம் ஓய்வெடுத்துப் புதிதாக வந்து ஆடும் இரண்டு நிமிடமும் ஒன்றல்ல. பதினைந்து பேரையும் கோல் முன்னால் நிறுத்தி ஒரு அணி காக்கும், மற்ற அணி ஒரே ஒரு நீளப் பந்தை உயர அடித்துப் பார்க்கும். அதற்குப் பெயர் ஹர்லிங் இல்லை.

மூன்றாவது வழி, முழு ஆட்டத்தையும் மறுபடி நடத்துவது. குழு இதைத்தான் தேர்ந்தெடுத்தது. அடுத்த சனிக்கிழமை, ஆகஸ்ட் 29, தர்லஸில் உள்ள செம்பிள் ஸ்டேடியம்.

அந்தச் சூழலில் இது இருப்பதில் குறைவான தீமை என்றே நினைக்கிறேன். ஆனால் இது எல்லாருக்கும் சமமான தீர்வு என்று சொல்வது சரியாகாது. ஆஃபலிக்கு இழந்த இரண்டு நிமிடத்துக்குப் பதில் 70 நிமிடம் கிடைத்தது. கிளேர் எந்தத் தவறும் செய்யாமல் மூன்று புள்ளி முன்னிலையை இழந்தது. மன்ஸ்டர் இறுதி நடந்த ஜூலை 12-லிருந்து ஆகஸ்ட் 29-க்குள் அவர்களுக்கு இது ஐந்தாவது பெரிய ஆட்டம், அதுவும் தடை விழுந்த வீரர் இல்லாமல். அந்த அணியின் உடம்பில் எவ்வளவு பலம் மிச்சமிருக்கும் என்று குழு யோசித்திருக்கவேண்டும். ஒரே வாரத்தில் ஆட்டத்தை வைக்கவேண்டிய நெருக்கடி உண்மைதான், செப்டம்பர் 13-ல் இறுதி ஆட்டம் குறித்தாகிவிட்டது. ஆனால் அந்த அட்டவணையின் பளுவை இரண்டு அணிகளும் ஒரே அளவில் சுமக்கவில்லை.

கிளேர் இந்த முடிவை எதிர்த்துப் போராடவில்லை. வந்து ஆடினார்கள். ஏற்கெனவே நிர்வாகத்தோடு மனக்கசப்பில் இருந்த அணி அது என்பதை நினைத்தால், இந்தப் பருவத்தில் நான் மிகவும் மதிக்கும் செயல் இதுதான். கோப்பையை வென்றவர்களைப் பற்றி எழுதும்போது இதற்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை.

ஆகஸ்ட் 29: தர்லஸ்

ஆஃபலி 0-16, கிளேர் 0-13. கோலே விழாத ஆட்டம். கிளேர் அடித்த பந்துகளை ஆஃபலி கோல்காப்பாளர் தடுத்த விதம் அன்றைய முடிவைத் தீர்மானித்தது. வித்தியாசம் மறுபடியும் அதே மூன்று புள்ளி, இந்த முறை எதிர்ப்பக்கம்.

செப்டம்பர் 13: இறுதி

எதிரே லென்ஸ்டர் இறுதியில் தங்களைத் தோற்கடித்த அதே கில்கென்னி. ஆஃபலியின் மிகச் சிறந்த தடுப்பு வீரர் அன்று காய்ச்சலோடு களமிறங்கினார். தடுப்பில் அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. சாதாரணமாக அவரை வெளியே எடுத்திருப்பார்கள். மேலாளர் அவரை முன்கள வரிசைக்கு மாற்றினார். அங்கே அவர் ஒரு கோலும் ஆறு புள்ளியும் அடித்தார். அணியின் 22 புள்ளியில் ஒன்பது அவருடையது. 2-16க்கு 1-13 என்று ஆஃபலி வென்றது. பின்வாசல் வழியாக வந்து அகில அயர்லாந்து சாம்பியனுக்கான லியம் மெக்கார்த்தி கோப்பையை வென்ற முதல் அணி. அணித்தலைவர் கோப்பையைக் கையில் வாங்கியதும், பின்வாசல் வழியே வந்திருக்கலாம், போவது முன்வாசல் வழியே என்ற பொருளில் பேசினார்.

ஜூலையில் தன் மேலாளராலேயே ஆட்டுக்கூட்டம் என்று சொல்லப்பட்ட அதே அணி அது. பத்து வாரம்தான் இடைவெளி.

பின்விளைவுகள்

நடுவரின் வீட்டுக்கு மிரட்டல் தொலைபேசி அழைப்புகள் வந்தன. அவர் கவுண்டி அளவிலான நடுவர் பணியிலிருந்து விலகினார். தவறை ஒப்புக்கொண்டவர், அதைத் திருத்த வழியும் விட்டவர், அதிகத் தண்டனை அனுபவித்தவரும் அவரே. சங்கம் ஆட்டத்தைச் சரிசெய்ய ஒரு வாரத்துக்குள் வழி கண்டது. அந்த மனிதரையும் அவர் குடும்பத்தையும் காக்க அதே வேகம் காட்டியதாகத் தெரியவில்லை. என்னைப் பொறுத்தவரை இந்த நிகழ்வின் பெரிய தோல்வி அதுதான்.

ஆஃபலிக்கு அது நான்காவது கோப்பை, இன்றுவரை கடைசியும். 2000-ல் இறுதிக்கு வந்து கில்கென்னியிடம் பெரிய வித்தியாசத்தில் தோற்றார்கள். 2018-ல் முதல் நிலையிலிருந்தும் 2019-ல் இரண்டாம் நிலையிலிருந்தும் இறங்கினார்கள். 2024-ல்தான் இரண்டாம் நிலைக் கோப்பையை வென்று மேலே ஏறினார்கள். கிளேர் அடுத்த கோப்பைக்கு 2013 வரை காத்திருந்தது. 1998 அணி தர்லஸில் தோற்காமல் இருந்திருந்தால் நான்கு வருடத்தில் மூன்றாவது கோப்பை கிடைத்திருக்கும் என்று அங்கே இன்னும் சொல்பவர்கள் உண்டு.

எதை மாற்றியிருக்கவேண்டும்

முதலில் கடிகாரம். எண்பதாயிரம் பேர் அமரக்கூடிய அரங்கம் கட்டிக்கொண்டிருந்த ஒரு அமைப்பு, ஆட்டத்தின் நேரத்தை ஓடிக்கொண்டே விசில் ஊதும் ஒருவரின் மணிக்கட்டில் விட்டிருந்தது. ஃப்ரீ கொடுக்கவேண்டும், புள்ளி எழுதவேண்டும், சண்டையை விலக்கவேண்டும், நேரமும் பார்க்கவேண்டும். இதில் ஒன்று ஒருநாள் தவறும். தவறியது அவர் கையில் என்பது தற்செயல். எல்லாருக்கும் தெரியும் கடிகாரம் ஒன்று இருந்திருந்தால், அல்லது இறுதி விசிலுக்கு முன் பக்கக்கோட்டு அதிகாரி ஒருவர் நேரத்தை உறுதிசெய்யவேண்டும் என்று இருந்திருந்தால், அன்று எதுவுமே நடந்திருக்காது. அயர்லாந்தின் இன்னொரு பாரம்பரிய ஆட்டமான கேலிக் கால்பந்தின் பெண்கள் பிரிவில் எல்லாரும் பார்க்கும்படி நேரத்தைக் குறைத்துக்கொண்டே வரும் கடிகாரம் வெகுகாலமாக இருக்கிறது. ஆண்கள் கேலிக் கால்பந்தின் கவுண்டி ஆட்டங்களுக்கு 2025-ல் கடிகாரமும் ஒலிப்பானும் வந்தன. 1998-க்குப் பிறகு 27 வருடம்.

அடுத்து, விசிலுக்குப் பிறகு வரும் சில நிமிடங்கள். நடுவர் தவறை உணர்ந்தால் ஆட்டத்தை அங்கேயே தொடர என்ன செய்யவேண்டும், யாரிடம் சொல்லவேண்டும், அதுவரை கூட்டம் புல்தரைக்குள் வராமல் யார் பார்த்துக்கொள்வது என்று எழுதிவைத்த நடைமுறை வேண்டும். மிச்ச நேரத்தைக் களைப்பு ஆறும் முன்பே ஆடிமுடித்திருந்தால் அது இரு அணிக்கும் நியாயம். கெர்ரி, கில்டேர் பையன்களும் அன்று மாலையே ஆடியிருப்பார்கள்.

மறு ஆட்டம் தவிர்க்க முடியாது என்றால் அட்டவணையும் சேர்ந்து நகரவேண்டும். இறுதி ஆட்டத்தை ஒரு வாரம் தள்ளியிருந்தால் கில்கென்னிக்குக் கொஞ்சம் சங்கடம், விற்ற டிக்கெட்டில் கொஞ்சம் குழப்பம். ஐந்தாவது ஆட்டத்துக்கு வந்து நின்ற கிளேர் வீரர்களுக்கு அந்த ஒரு வாரம் பெரிய உதவியாக இருந்திருக்கும்.

நடுவருக்கான பாதுகாப்பும் ஆதரவும் அன்று இரவே தொடங்கியிருக்கவேண்டும். வீட்டுத் தொலைபேசியை யார் எடுப்பது, பத்திரிகையாளரிடம் யார் பேசுவது, அடுத்த மாதம் அவருக்கு எந்த ஆட்டம் கொடுப்பது என்பதைச் சங்கமே முன்வந்து முடிவுசெய்திருக்கலாம். சில வாரம் கழித்துச் சின்ன ஆட்டம் ஒன்றை அவரிடம் கொடுத்து, உள்ளூர் மைதானத்தில் அவரை மறுபடி விசிலோடு நிறுத்தியிருக்கலாம்.